எந்தக் கரை, எந்த நாள்?

திருநெல்வேலி, பாளையங்கோட்டை மீன் கடை அண்ணாச்சிகளுக்கும் அக்காமாருக்கும்,

வணக்கம். முப்பது வருடமாக உங்களிடம்தான் மீன் வாங்குகிறேன். இன்று ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஒவ்வொரு மீனுக்கும் முன்னால் ஒரு சிலேட்டு வையுங்கள். அது எந்தக் கரையில் இறங்கியது, எந்த நாள் இறங்கியது என்று அதில் எழுதுங்கள். "உவரி, நேற்று." அவ்வளவு போதும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு கடையில் அயிலை வாங்கினேன். "காலைல பிடிச்சது, இப்பதான் வந்து இறங்குச்சு" என்றார்கள். அம்மா சாப்பிட்ட அரை மணி நேரத்தில் முகமும் கழுத்தும் சிவந்து, தலைவலி, உடம்பெல்லாம் அரிப்பு. மீனில் கெட்ட வாடை எதுவும் இல்லை. குழம்பும் நன்றாகக் கொதித்ததுதான். டாக்டர் சொன்ன பிறகுதான் விளங்கியது. அயிலை, சாளை, சூரை மாதிரி மீன்களைப் பிடித்த கையோடு ஐஸில் போடாவிட்டால் ஹிஸ்டமின் என்ற பொருள் அதில் சேர்ந்துவிடுமாம். சேர்ந்தபின் ஐஸ் வைத்தாலும் போகாது, அடுப்பில் கொதித்தாலும் போகாது. அம்மா மறுநாளே தேறிவிட்டார். ஆனால் அயிலை என்றால் இப்போதும் தட்டைத் தள்ளி வைக்கிறார். நெத்திலிக்கு மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தால் சட்டியை வழித்துச் சாப்பிடுகிறவர் அவர்.

"காலைல பிடிச்சது" என்ற பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் கடற்கரையின் கத்தோலிக்க மீனவ ஊர்கள் பலவற்றில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. அது பூசை நாள். நாமோ ஞாயிற்றுக்கிழமைதான் பையைத் தூக்கிக்கொண்டு உங்கள் கடைக்கு வருகிறோம். ஆக, அன்று உங்களிடம் இருப்பது அநேகமாகச் சனிக்கிழமை மீன், இல்லையென்றால் வேறு கரை மீன். அதில் ஒரு குற்றமும் இல்லை. பிடித்ததும் ஐஸில் போட்ட சனிக்கிழமை மீன், வெயிலில் கிடந்த இன்றைய மீனைவிட எவ்வளவோ மேல். சனிக்கிழமை மீன் என்று சொல்லியே விற்றால் நான் மனசார வாங்குவேன்.

தடைக்காலத்துக்கும் இதே கதைதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அப்போது தொலைவிலிருந்து மீன் ஐஸ் பெட்டியில் வரும். நாட்டுப்படகுக்குத் தடை கிடையாது. கூத்தங்குழியிலோ இடிந்தகரையிலோ வள்ளத்தில் வந்த சாளையை ஏலத்தில் எடுத்து, விடியும் முன்னே வண்டி ஏற்றிக் கொண்டுவருகிறவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். அந்தப் பாடு வாங்குகிறவனுக்குத் தெரிவதே இல்லை. பக்கத்திலிருக்கும் மூன்று நாள் ஐஸ் மீனோடு ஒன்றாகக் கலந்துபோகிறது. சிலேட்டில் எழுதி, பத்து இருபது கூடப் போட்டு விற்றாலும் கொடுக்க நான் தயார். அப்புறம், யாராவது செவுளைத் தூக்கிப் பார்த்தால் தயவுசெய்து கோபப்படாதீர்கள். கேட்டால் பதில் கிடைக்காததால்தான் தூக்கிப் பார்க்கிறோம்.

2018இல் கேரளத்தில் கெடாமல் இருக்க பார்மலின் என்ற ரசாயனம் கலந்த மீன் பிடிபட்ட செய்தி வந்ததும், எங்கள் தெருவில் பல வீடுகளில் மீன் வாங்குவதையே கொஞ்ச நாள் நிறுத்திவிட்டார்கள். எங்கேயோ யாரோ செய்த தப்புக்கு இங்கே உங்கள் கூடைதான் விற்காமல் கிடந்தது. இது உவரி மீன், இன்ன நாள் வந்தது என்று காட்ட அப்போது உங்கள் கையில் எதுவும் இல்லை.

சிலேட்டும் சாக்பீஸும் நானே வாங்கித் தருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை வருவேன். "கூடுதாழை, சனிக்கிழமை" என்று எழுதியிருந்தால், அம்மாவிடமும் அப்படியே சொல்லி ஒரு கிலோ நெத்திலி வாங்கிக்கொண்டு போவேன்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையிலிருந்து உங்கள் வாடிக்கைக்காரன்