அந்த எம்டியை யார் பொறுக்குவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழில் வந்த ஒரு திரைவிமர்சனத்தில் 'துப்பாக்கிச் சண்டைகள் தத்ரூபம்' என்று எழுதியிருந்தது. அந்தச் சொல்லை நம்பி, பேரனையும் கூட்டிக்கொண்டு படத்துக்குப் போய்விட்டு வந்தேன். படத்தின் பெயர் வேண்டாம். அந்த ஒரு படம் மட்டும் செய்கிற தப்பில்லை இது.

நான் போலீஸ் ஆயுதப்படையில் 35 வருடம் இருந்தவன். அதில் பாதிக்கு மேல் ஆர்மரர் வேலை. ஆர்மரர் என்றால் சுடுகிறவன் என்று நினைத்துவிட வேண்டாம். துடைக்கிறவன், எண்ணெய் போடுகிறவன், ஸ்பிரிங் மாற்றுகிறவன், எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குகிறவன். ஓய்வு பெற்றும் அந்த எண்ணுகிற புத்தி மட்டும் போகவில்லை.

இடைவேளைக்கு முன்னால் ஒரு குடோன் சண்டை. நாயகன் ஏகே-47ஓடு உள்ளே நுழைந்து சுட ஆரம்பித்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். இரண்டு நிமிடம், விசையிலிருந்து விரலை எடுக்கவேயில்லை. அந்தத் துப்பாக்கியின் மேகசின் (தோட்டா அடுக்கிச் செருகும் பெட்டி) 30 ரவுண்டு, அதாவது 30 தோட்டா பிடிக்கும். தொடர்ந்து சுடுகிற 'ஆட்டோ' நிலையில் வைத்து அழுத்தினால் நிமிடத்துக்கு 600 என்கிற வேகத்தில் போகும். மூன்று வினாடியில் முப்பதும் காலி. இரண்டு நிமிடத்துக்கு 1,200 ரவுண்டு, 40 மேகசின். நிரப்பிய மேகசின் ஒன்று முக்கால் கிலோவுக்குக் குறையாது. எல்லாம் சேர்ந்து 30 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சிப்பம் அரிசியே 25 கிலோதான். அவர் போட்டிருந்ததோ உடம்போடு ஒட்டிய கறுப்பு பனியன். அந்தச் சிப்பத்தை எங்கே வைத்திருந்தார்?

இதைப் பேரனிடம் கேட்டேன். "தாத்தா, பேசாம படத்தைப் பாருங்க" என்றான். முன் வரிசையில் ஒருவர் திரும்பி முறைத்தார். சரி என்று வாயை மூடிக்கொண்டேன். தியேட்டரில் பேச முடியாததைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

எங்கள் பிழைப்பே கணக்குதான். ஃபயரிங் நாளன்று பெல் ஆஃப் ஆர்ம்ஸிலிருந்து (ஆயுத அறையை எங்கள் துறையில் அப்படித்தான் சொல்வார்கள்) எத்தனை ரவுண்டு வெளியே போனதோ, சாயங்காலம் அத்தனை எம்டி கேஸ் (சுட்ட பிறகு வெளியே விழும் காலிப் பித்தளை உறை; சுருக்கமாக எம்டி) திரும்பி வர வேண்டும். சுடாமல் மிஞ்சியதும் எம்டியும் சேர்ந்து கூட்டினால் காலையில் எழுதிய எண் வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் பதிவேட்டில் கையெழுத்து விழாது.

எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிற ஒரு சித்திரை மாதச் சாயங்காலம். 96 பேர், ஆளுக்கு 5 ரவுண்டு, மொத்தம் 480. எஸ்எல்ஆர் ரைஃபிள். அது எம்டியை வலது பக்கமாக வீசி எறியும். புல்லில் விழும், கல்லில் பட்டுத் தெறிக்கும், பக்கத்தில் படுத்திருப்பவரின் சட்டைக் காலருக்குள் சுடச்சுட விழுந்து ஆளை எழுந்து குதிக்க வைக்கும். பொறுக்கிக் கொட்டி எண்ணினேன். 479. மறுபடி எண்ணினேன். 479. அதிகாரி ஒரே வார்த்தைதான் சொன்னார்: "கிடைக்கிறவரை வண்டி கிளம்பாது."

தொண்ணூற்றாறு பேரும் வரிசையாக முட்டி போட்டு, உள்ளங்கையால் தரையைத் தடவிக்கொண்டே நகர்ந்தார்கள். முழுக்க நெருஞ்சி. இருட்டிவிட்டது; வேனின் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு தேடினோம். எட்டு மணி வாக்கில் ஒருவர், தோள்பட்டியில் மடித்துச் செருகியிருந்த தொப்பியை எடுத்து முகத்தைத் துடைக்கப் போனார். தொப்பி மடிப்பிலிருந்து 'டிங்' என்று விழுந்தது. அத்தனை நேரமும் அந்த ஆள் அதைத் தோளில் சுமந்துகொண்டுதான் எங்களோடு சேர்ந்து தேடியிருக்கிறார். யாருக்கும் திட்டக்கூடத் தெம்பில்லை. நான் 480 என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.

இப்படிப்பட்டவன் சினிமா பார்த்தால் என்ன ஆகும்? குடோன் பின்னால் எரிய, நாயகன் ஸ்லோமோஷனில் நடந்து வருகிறார். தியேட்டரே விசில் அடிக்கிறது. எனக்கு 1,200 எம்டியை யார் பொறுக்குவது என்றுதான் ஓடுகிறது.

சில்லறைத் தப்புகளைப் பெரிதுபடுத்த விரும்பவில்லை. ஆறு ரவுண்டு ரிவால்வரில் ஒன்பது தடவை சுடுவது நமக்கெல்லாம் ஐம்பது வருடப் பழக்கம், போகட்டும். 'ரிவால்வர் சேஃப்டியை எடு' என்று இன்ஸ்பெக்டர் வசனம் பேசுகிறார்; நாங்கள் வைத்திருந்த .38 ரிவால்வரில் அப்படியொரு பூட்டே கிடையாது. பிஸ்டலில் கடைசி ரவுண்டு போனதும் மேலே நகர்கிற ஸ்லைடு பின்னால் போய் அப்படியே நின்றுவிடும், கையில் வைத்திருப்பவனுக்குத் தெரியாமல் போக வழியில்லை. படத்திலோ வில்லன் நாயகனின் நெற்றியில் வைத்து 'டிக் டிக்' என்று அழுத்திப் பார்த்து அதிர்ச்சியடைகிறான். அப்புறம் வசனத்துக்கு முன்னால் ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை, முடிவில் ஒரு தடவை ஸ்லைடை 'சடக்'கென்று இழுக்கிறார்கள். முதல் இழுப்பிலேயே ரவுண்டு உள்ளே ஏறிவிட்டது. மறுபடி இழுத்தால் சுடாத ரவுண்டு வெளியே குதிக்கும். பேசி முடிப்பதற்குள் இரண்டு நல்ல ரவுண்டு தரையில் கிடக்கும். என் கணக்கில் அதற்கும் ஆள் வேண்டும்.

கிராஃபிக்ஸில் குண்டு பறந்து வருவதைக் காட்டுகிறார்களே, அதை மட்டும் சொல்லாமல் விட மனமில்லை. பித்தளை உறையோடு சேர்ந்தே பறக்கிறது! உறை துப்பாக்கியோடு நின்றுவிடும், பறப்பது முனையில் இருக்கும் குண்டு மட்டும்தான். தீபாவளி ராக்கெட் பாட்டிலையும் தூக்கிக்கொண்டு வானத்துக்குப் போவது போல இருக்கிறது.

கார் கதவுக்குப் பின்னால் குனிந்து தப்பிக்கிற காட்சியும் எல்லாப் படத்திலும் உண்டு. கண்டம் செய்து கழித்துப் போட்ட ஜீப் ஒன்றின் கதவை ஒருமுறை ரேஞ்சில் நிறுத்தி எஸ்எல்ஆரில் சுட்டுக் காட்டினார்கள். முன்பக்கம் பொட்டு வைத்தது போல ஓட்டை, பின்பக்கம் தகரம் பூவாக விரிந்திருந்தது. அந்தக் கதவை ரொம்ப நாள் வகுப்பில் சாய்த்து வைத்திருந்தோம். விளக்கம் தேவைப்படவில்லை.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூடிய அறைக்குள் நாலு பேர் மாறி மாறிச் சுடுகிறார்கள், அடுத்த நொடியே கிசுகிசுப்பாகக் காதல் வசனம். வலது தோளில் ரைஃபிள் வைத்துச் சுடுகிறவனுக்கு இடது காதுதான் முதலில் போகும், குழல் முனைக்கு அந்தக் காதுதான் கிட்டம். நான் சேர்ந்த காலத்தில் காதுக்குப் பஞ்சு வைப்பதையே கேலி செய்வார்கள். என் இடது காதில் ராத்திரியானால் சில்வண்டு கத்துவது போல ஒரு சத்தம், இருபது வருடமாக. வீட்டில் என்னிடம் ரகசியம் பேச வருகிறவர்கள் வலது பக்கமாக வந்துதான் உட்காருவார்கள்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். விரல் விஷயத்தில்தான் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

புதிதாகச் சேர்ந்த பையன்கள் கையில் முதல் நாள் துப்பாக்கியைக் கொடுத்துப் 'பிடி' என்போம். கிராமத்துப் பிள்ளைகள், அதுவரை துப்பாக்கியைத் தொட்டே பார்க்காதவர்கள். முக்கால்வாசிப் பேருக்கு விரல் நேராக விசைக்குத்தான் போகும். யார் சொல்லிக்கொடுத்தது? போஸ்டரில் நாயகன் அப்படித்தான் பிடிக்கிறார். படத்தில் துப்பாக்கி முனையால் தலையைச் சொறிகிறார், அதை நீட்டி 'நீ அந்தப் பக்கம் போ' என்று நண்பனுக்கு வழி காட்டுகிறார். சுடும்போது மட்டும்தான் விரல் உள்ளே, மற்ற நேரம் வெளியே, முனை எப்போதும் குண்டைத் தடுக்கிற மண்மேட்டுப் பக்கம் என்பதை அந்தக் கைகளுக்குப் புரிய வைக்க வாரக்கணக்கில் கத்த வேண்டியிருக்கும்.

ஒரு பையன். நல்ல பையன், கவாத்தில் முதலாவதாக வருவான். ரேஞ்சில் முதல் ரவுண்டுக்கு விசையை அழுத்தியிருக்கிறான், சுடவில்லை. சேஃப்டியை எடுக்காமல் அழுத்தியிருக்கிறான், அவ்வளவுதான். ஆனால் அவன் எழுந்து, ரைஃபிளோடு அப்படியே திரும்பி, "சார், இது சுடலை" என்றான். விரல் உள்ளே. கட்டைவிரல் எப்படியோ சேஃப்டியைத் தள்ளிவிட்டது. பக்கத்தில் நின்ற பயிற்சியாளர் ஒரே பாய்ச்சலாகக் குழலைப் பிடித்துக் கீழே அழுத்தினார். வெடித்தது. என் பூட்சுக்கு ஒரு சாண் தள்ளி மண் கிளம்பியது. பின்னால் தண்ணீர் டிரம் பக்கம் முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பையன் வேனுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தான். அன்றைக்கு எம்டிக் கணக்கு சரியாக இருந்தது.

துப்பாக்கியை விட்டுப் போன குண்டு ஷாட் 'கட்' ஆனதும் நிற்பதில்லை. எங்கள் பக்கத்து மாவட்டம் புதுக்கோட்டை. அங்கே நார்த்தாமலையில் 2021 டிசம்பர் 30ஆம் தேதி, துப்பாக்கிச் சுடும் பயிற்சித் தளத்துக்கு வெளியே, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுப் பையனின் தலையில் ஒரு குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3ஆம் தேதி அவன் இறந்துபோனான். முறையாகப் பயிற்சி நடக்கிற இடத்தை ஒட்டியே இப்படி. படத்தில் கூட்டம் நிறைந்த சந்தையில் நாயகன் ஓடிக்கொண்டே இரண்டு கையிலும் பிஸ்டல் வைத்துச் சுடுகிறார். வில்லனின் ஆட்கள் மட்டும் விழுகிறார்கள். மற்றக் குண்டெல்லாம் எங்கே போயின என்று ஒரு கதாபாத்திரம்கூடக் கேட்பதில்லை.

ஒரு குண்டு ஒரு உடம்பை என்ன செய்யும் என்பது தமிழ் சினிமாவுக்குத் தெரியாததா? 1967 ஜனவரி 12ஆம் தேதி ராமாவரம் தோட்டத்தில் எம்.ஆர்.ராதா சுட்டதில் எம்.ஜி.ஆரின் கழுத்தில் குண்டு பாய்ந்தது. எனக்கு அப்போது ஆறு வயது. கழுத்தில் கட்டோடு அவர் மருத்துவமனையில் இருக்கிற போஸ்டரை எங்கள் ஊர் ரைஸ்மில் சுவரில் ஒட்டியிருந்தார்கள். அதன் முன்னால் நின்று பெண்கள் அழுதது ஞாபகமிருக்கிறது. தேர்தலில் ஜெயித்தார், மறுபடி நடித்தார், முதலமைச்சரும் ஆனார். குரல் மட்டும் பழையபடி வரவேயில்லை. அதற்கு முந்தின படத்தையும் பிந்தின படத்தையும் அடுத்தடுத்துக் கேட்டால் சின்னப் பிள்ளைக்குக்கூட வித்தியாசம் தெரியும். இன்றைய நாயகனோ தோளில் ஒன்று, தொடையில் ஒன்று வாங்கிக்கொண்டு, கத்தியை அடுப்பில் காய்ச்சிக் குண்டை நோண்டி எடுத்துவிட்டு, அடுத்த பாட்டுக்கு ஆடப் போய்விடுகிறார்.

இப்போதெல்லாம் டம்மியைக் கொடுத்து, நெருப்பை அப்புறம் கம்ப்யூட்டரில் சேர்க்கிறார்களாம். நல்ல காரியம், அதில் எனக்குக் குறையே இல்லை. நடிகரின் தோள் ஏன் கொஞ்சம்கூட ஆடுவதில்லை என்பதும் புரிகிறது. நிஜத் துப்பாக்கி வைத்துப் படமெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் உதாரணம் இருக்கிறது. 1993 மார்ச் 31ஆம் தேதி புரூஸ் லீயின் மகன் பிராண்டன் லீ படப்பிடிப்பிலேயே குண்டு பட்டு இறந்தார். முன்பே எடுத்த ஒரு காட்சியில் மருந்தில்லாத டம்மித் தோட்டாவின் குண்டு கழன்று குழலுக்குள் சிக்கியிருக்கிறது. பிறகு வெறும் சத்தத்துக்காகப் போட்ட பிளாங்க் (குண்டில்லாத தோட்டா) அதைத் தள்ளிவிட்டது. குழலை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி ஒரு கண்ணால் பார்ப்பது ஐந்து வினாடி வேலை. நான் ஒரு நாளைக்கு நூறு தடவை செய்திருக்கிறேன்.

2021 அக்டோபர் 21ஆம் தேதி நியூ மெக்சிகோவில் நடந்தது இன்னும் மோசம். நடிகர் அலெக் பால்ட்வின் கையிலிருந்த ரிவால்வர் வெடித்து ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் இறந்துபோனார். துப்பாக்கி காலி என்றுதான் எல்லாரும் நினைத்திருக்கிறார்கள். டம்மித் தோட்டாக்களோடு நிஜத் தோட்டா கலந்திருந்தது. படப்பிடிப்புக்கான டம்மிக்குள் சின்ன இரும்புக் குண்டு போட்டிருப்பார்கள், காதருகில் ஆட்டினால் 'கலகல' என்று கேட்கும். நிஜத் தோட்டாவில் அந்தச் சத்தம் வராது. ஒவ்வொன்றாக எடுத்து ஆட்டிப் பார்த்திருக்க வேண்டும். அந்தப் படத்தின் ஆர்மரராக இருந்த பெண்ணுக்கு 2024இல் 18 மாதச் சிறை. அந்தப் பெண்ணுக்கு என்ன வயது, என்ன அனுபவம் என்றெல்லாம் பேப்பரில் வாதம் நடந்தது. எனக்கு அவர் மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அதே வேலை செய்தவன் இல்லையா.

இயக்குநர்களுக்கு ஒரு விண்ணப்பம். என்னைப் போல ஓய்வு பெற்ற ஆர்மரர்கள் மாவட்டத்துக்கு நாலு பேராவது இருப்பார்கள். பென்ஷன் வருகிறது, பகலில் வேலை இல்லை. கூப்பிட்டால் வந்து, விரலை எங்கே வைப்பது, மேகசினை எப்போது மாற்றுவது என்று காட்டிவிட்டுப் போவோம். டீயும் வடையும் போதும். சண்டை முடிந்த பிறகு யாராவது ஒரு கான்ஸ்டபிள் குனிந்து எம்டி பொறுக்குவதாக ஒரே ஒரு ஷாட் வையுங்கள். முதல் நாள் முதல் காட்சிக்கு வந்துவிடுகிறேன், டிக்கெட்டை நானே எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆர்மரர்,
மணப்பாறை