தமிழாசிரியரைப் பார்க்க ‘விருப்பம்’ வேண்டுமாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். என் மகள் இங்கே சிங்கப்பூரில் தொடக்கநிலை 3இல் படிக்கிறாள். மே மாதப் பெற்றோர் - ஆசிரியர் சந்திப்புக்குப் ‘பேரண்ட்ஸ் கேட்வே’ செயலியில் பள்ளியிலிருந்து அறிவிப்பு வந்தது. வகுப்பாசிரியரைப் பார்க்க 10 நிமிடம், நேரத்தை நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அடியில் ஒரு வரி: தாய்மொழி ஆசிரியரைச் சந்திக்க விரும்பும் பெற்றோர் தனியே மின்னஞ்சல் அனுப்பவும்.

விரும்பும் பெற்றோராம்! கணிதத்துக்கு என் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் தாய்மொழி உட்பட நான்கு பாடங்களுக்கும் ஒரே எடைதான் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 2021இல் புதிய மதிப்பெண் முறை வந்தபோது அதைப் பக்கம் பக்கமாக விளக்கியவர்களே நீங்கள்தானே. கால் பங்கு மதிப்பெண் தரும் பாடம், அறிவிப்பில் மட்டும் அடிக்குறிப்பு.

சரி, நானும் விரும்பித்தான் மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் இல்லை. சந்திப்பு நாளில் வகுப்பாசிரியர் மடிக்கணினியைத் திருப்பி ஆங்கிலம், கணிதம் எல்லாம் காட்டினார். அன்பான பெண், அவரைக் குறை சொல்ல மாட்டேன். தமிழ் எப்படி என்று கேட்டேன். “வீட்டில் தமிழ் பேசுங்கள்” என்றார், ஆங்கிலத்தில்.

வீட்டில் நாங்கள் என்ன பேசுகிறோம் என்று அவருக்கு யார் சொன்னது? என் அப்பா தமிழ்ப் பள்ளியில் படித்தவர். கடைசித் தமிழ்ப் பள்ளி 1982இல் மூடப்பட்டதை எண்ணி அவர் இன்றும் புலம்புவார். நான் அந்தக் காலத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. தாத்தாவும் பேத்தியும் இரவுச் சாப்பாட்டில் தமிழில்தான் சண்டை போடுகிறார்கள் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

தமிழாசிரியரைக் கடைசியில் மாடிப்படிக்குக் கீழே, தண்ணீர்க் குழாய் பக்கத்தில் பிடித்தேன். கையில் இரண்டு வகுப்பு நோட்டுக் கட்டு, மூச்சு வாங்குகிறது. “சார், அவ கேட்டா எல்லாம் புரியுது. படத்தைக் காட்டிப் பேசச் சொன்னா, முதல் வாக்கியம் தமிழ்ல வருது, ரெண்டாவது ஆங்கிலத்துக்குத் தாவிடுது. தினமும் ஒரு படத்தைக் காட்டிப் பேச வைங்க” என்றார். நின்றபடி இரண்டே நிமிடம். உட்கார்ந்து கேட்ட 10 நிமிடத்தில் கிடைக்காதது அதில் கிடைத்தது.

இது புதிதில்லை. அவள் தொடக்கநிலை 1இல் இருந்தபோது தமிழ் வகுப்பு உணவகத்தை ஒட்டிய அறையில். மற்றப் பிள்ளைகள் தங்கள் வகுப்பிலேயே இருக்க, இவர்கள் ஏழெட்டுப் பேர் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு கீழே போவார்கள். கோழி பொரிக்கும் வாசனையில் உயிர்மெய் எழுத்து. ஜூலை 21, இன நல்லிணக்க நாள் நெருங்கினால் மட்டும் எங்கள் ஞாபகம் வந்துவிடும். முறுக்கு கிடைக்குமா, கோலம் போடத் தெரிந்த அம்மா யாராவது உண்டா என்று தொலைபேசி. என் மனைவி இரண்டு ஆண்டு போய் வந்தார், கோலமாவு அப்பிய சேலையோடு. அதற்கு மின்னஞ்சல் எதுவும் தேவைப்படவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துப் புழுங்குவானேன். இந்தப் பள்ளியில் தொடக்கநிலை 1 பதிவின் 2பி கட்டத்தில், அதாவது தொண்டூழியம் செய்த பெற்றோரும் விண்ணப்பிக்கக்கூடிய சுற்றில், இடம் கேட்பதற்காக 40 மணி நேரம் தொண்டூழியம் செய்தவன் நான். வேலைக்கு விடுப்பு எடுத்து, நூலகத்தில் புத்தகங்களுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டேன். தமிழ்ப் புத்தகங்கள் ஒரே ஒரு தட்டு, அதையும் நான்தான் துடைத்து அடுக்கினேன். 40 மணி நேரம் வாங்கிக்கொண்டவர்களுக்கு 10 நிமிடம் தருவது பாரமாக இருக்கிறது.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அந்த அறிவிப்பில் தமிழாசிரியருக்கும் நேரம் குறிக்க ஒரு கட்டம் போடட்டும். மண்டபத்தில் அவருக்கும் ஒரு மேசை, ஒரு நாற்காலி. 10 நிமிடம் முடியாவிட்டால் ஐந்து. உங்கள் இதழைப் பள்ளி முதல்வர்களும் கல்வி அமைச்சிலும் பார்க்கிறார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

இடம் இருந்தால், என் மின்னஞ்சலுக்கு இன்னும் பதில் வரவில்லை என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
விரும்பும் பெற்றோரில் ஒருவன்,
உட்லண்ட்ஸ்