வயலின் மாலைக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

கடலூர் நண்பர்களுக்கும் எங்கள் வயலின் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் வணக்கம்.

வயலின் கலைஞரும் இசையமைப்பாளருமான எல். சுப்ரமணியத்தின் வாழ்க்கையையும் அவர் பாடம் பயின்ற விதத்தையும் பற்றிப் போன ஞாயிறு மாலை மஞ்சக்குப்பத்தில் நடத்திய நிகழ்ச்சி நல்லபடியாக முடிந்தது. வீடு வீடாக வந்து நன்றி சொல்லத்தான் ஆசை. நவராத்திரி நெருங்குவதால் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி மண்டபத்துக்காரருக்கு. வாடகை என்று வாயெடுத்ததும் "பிள்ளைங்க விஷயத்துக்குப் போய்க் காசா?" என்று கேட்டு வாயடைத்துவிட்டார். மைக் செட் தம்பியைத் தனியாகச் சொல்ல வேண்டும். கல்யாண வீட்டுக்கு அலறவிடுகிற ஸ்பீக்கரில் வயலின் ஒலித்தால் தகரத்தைச் சுரண்டுவது போலத்தான் இருக்கும். தம்பி பாதி பாக்ஸை நிறுத்திவிட்டு, கடைசி வரிசையில் போய் நின்று கேட்பதும் திரும்பி வந்து ட்ரெபிளைக் குறைப்பதுமாக மதியம் முழுக்க அலைந்தார். சங்கீதம் தெரியாது என்கிறார், நான் நம்பவில்லை.

புதுச்சேரியிலிருந்து பஸ் ஏறி வந்து பேசிய யாழ்ப்பாணத்து அம்மாவுக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். சுப்ரமணியம் 1947இல் சென்னையில் பிறந்தவர், ஆனால் சின்ன வயதில் வளர்ந்தது யாழ்ப்பாணத்தில். அப்பா வி. லட்சுமிநாராயணா அங்கே இசைப் பேராசிரியர், அம்மா சீதாலட்சுமி பாடுவார், வீணையும் வாசிப்பார். ஐந்து வயது நிறையுமுன் பாடம் தொடங்கி, ஆறு வயதில் மேடை ஏறிவிட்டான் பிள்ளை. இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த 1958 கலவரத்துக்குப் பிறகு குடும்பம் சென்னைக்குத் திரும்பியது. அந்த இடத்தை மட்டும் பேச வந்த அம்மா அவசரமாகக் கடந்து போனார், நாங்களும் மேற்கொண்டு கேட்கவில்லை.

வயலின் என்றால் பாடுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து பின்தொடர்வது என்றிருந்த காலத்தில், அதைத் தனிக் கச்சேரி வாத்தியமாக நிறுத்த வேண்டும் என்று நினைத்தவர் லட்சுமிநாராயணா. வைத்தியநாதன், சுப்ரமணியம், சங்கர் என்று பிள்ளைகள் மூவரையும் அதற்கென்றே பழக்கினார். 'மால்குடி டேஸ்' தொடருக்கு இசையமைத்தவர் இந்த வைத்தியநாதன்தான் என்றதும் முன்வரிசைத் தாத்தாக்கள் உடனே அந்த மெட்டை முணுமுணுத்தார்கள். சுப்ரமணியமும் செம்பை வைத்தியநாத பாகவதர் போன்ற பெரியவர்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்தவர்தான். எடுத்த எடுப்பில் தனிக் கச்சேரி கேட்கும் என் மாணவர்கள் இதைக் கவனிக்கவும்.

சர்ச்சில் வாசிக்கும் வயலின் கலைஞர் ஒருவர் நம் அழைப்பை ஏற்று வந்தார். அவர் நின்றபடி மோவாயில் வயலினைத் தாங்கிக்கொண்டார். எங்கள் வகுப்புச் சிறுமி தரையில் சம்மணமிட்டு, வயலின் தலையை வலது கணுக்காலில் பொருத்திக்கொண்டாள். அவர் தந்திகளின் சுருதி ஜி, டி, ஏ, ஈ. இவளுடையது ச‑ப‑ச‑ப. தன் வயலினிலேயே அவர் தந்தியை முறுக்கும் பிருடைகளைத் திருப்பி ச‑ப‑ச‑பவுக்குக் கொண்டுவந்து, சிறுமி வாசித்த மாயாமாளவகௌளை ராக ஸ்வரங்களைத் திருப்பி வாசித்தார். ஸ்வரம் சுத்தமாக வந்தது, அதை அசைத்து இழுக்கும் கமகம் வரவில்லை. "விரலைக் கொஞ்சம் இழுங்க அங்கிள்" என்று அவள் சொல்லிக்கொடுத்ததும் மண்டபமே சிரித்தது. அவர் இழுத்தும் பார்த்தார். கர்நாடகம், மேற்கத்தியம் என்ற இந்த இரண்டு வழியையும் ஒரே ஆள் கற்றுக்கொள்வது எவ்வளவு பெரிய காரியம் என்பதை நான் ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் புரியவைத்திருக்க முடியாது. கலிஃபோர்னியா கலைக் கழகத்தில் மேற்கத்திய இசையில் முதுகலை முடித்த பிறகுதான் சுப்ரமணியம் பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்களுக்கு எழுதினார். வேத மந்திர ஓசையை வைத்து அவர் அமைத்த படைப்பை 1985இல் இசைக்குழு நடத்துநர் ஜூபின் மேத்தா நடத்த, நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு வாசித்தது.

இனி நன்றி டாக்டர் ஐயாவுக்கு. சுப்ரமணியம் சென்னை மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்தவர் என்றதும் பெற்றோர் பலரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "பார்த்தியா, ரெண்டும் முடியும்" என்று ஒரு குரல் வந்தது. நம் ஊரில் பத்தாம் வகுப்பு வந்தாலே வயலின் பெட்டி பரணுக்குப் போய்விடும், அப்புறம் நீட் கோச்சிங்தான். டாக்டர் ஐயாதான் பக்குவமாக எடுத்துச் சொன்னார்: எம்.பி.பி.எஸ். சேரும்போதே சுப்ரமணியம் கையில் பத்து வருஷத்துக்கு மேலான வயலின் சாதகப் பயிற்சி இருந்தது, அப்பாவே குருவாக வீட்டில் இருந்தார், அதை விட்டுவிட்டுச் சான்றிதழை மட்டும் உதாரணம் காட்டாதீர்கள் என்று. நான் சொல்லியிருந்தால் ஃபீஸுக்காகச் சொல்கிறாள் என்பார்கள். ஐயாவுக்குக் கோடி நன்றி.

அப்பா 1990இல் மறைந்த பிறகு, அவர் பெயரில் 1992இல் சுப்ரமணியம் இசை விழா தொடங்கியதைச் சொல்ல நேரமில்லாமல் போனது. இங்கே சேர்த்துவிட்டேன்.

சுண்டல் கிண்டிய கூத்தப்பாக்கம் அம்மாக்கள், நாற்காலி அடுக்கிய பெரிய மாணவர்கள், டீக்காசை வாங்க மறுத்த கடைக்காரர் எல்லோருக்கும் என் வணக்கம்.

ஒரு டிபன் கேரியரும் வில்லுக்குத் தேய்க்கும் ரோசின் டப்பா இரண்டும் என்னிடம் தங்கிவிட்டன. உடையவர்கள் சனிக்கிழமை வகுப்புக்கு வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.