கருக்காக்குறிச்சிக் காசுக்கு ஓர் இடம் வேண்டும்

தமிழ்நாடு அருங்காட்சியகங்கள் துறையினருக்கு,

வணக்கம். திருக்கோகர்ணத்தில் இருக்கும் புதுக்கோட்டை அருங்காட்சியகம் 1910இல், சமஸ்தானக் காலத்தில் தொடங்கியது. மாநிலத்தில் எழும்பூருக்கு அடுத்தபடியாகப் பெரியது என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அந்த உரிமையில் கேட்கிறேன்: எங்கள் மண்ணின் காசுகளுக்கென்று அங்கே தனியாக ஓர் அறை ஒதுக்கித் தாருங்கள்.

எங்கள் வீட்டுச் சாமி மாடத்தில் ஓர் அம்மன் காசு இருக்கிறது. சின்னஞ்சிறு செப்புக்காசு, ஓரமெல்லாம் குங்குமம் ஏறியிருக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் ஒரு பக்கம் உட்கார்ந்த கோலத்தில் பிரகதாம்பாளும், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்பதும் தெரியும். இப்படி இருபது காசு சேர்ந்தால் அந்தக் காலத்து ஓரணா. நவராத்திரியில் அரிசியோடு இந்தக் காசையும் சேர்த்துக் கொடுப்பது சமஸ்தானக் காலத்து வழக்கம். அந்த அம்மன் கோயிலும் அருங்காட்சியகமும் ஒரே திருக்கோகர்ணத்தில்தான் இருக்கின்றன. இவ்வளவு சிறிய காசைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் மட்டும் போதாது. பக்கத்திலிருந்து விளக்கும் மேலே ஒரு பூதக்கண்ணாடியும் வேண்டும். குழந்தைகள் தடவிப் பார்க்க உள்ளங்கை அளவில் ஒரு மாதிரியும் செய்து வைத்தால் நல்லது.

அப்புறம், கருக்காக்குறிச்சி. 1898இல் எங்கள் புதுக்கோட்டைப் பக்கத்து அந்த ஊரில் ஒரு புதையல் கிடைத்தது. 501 காசுகள், எல்லாம் ரோமானியப் பொற்காசுகள். கி.பி. முதல் நூற்றாண்டில் கடல் வணிகத்தில் நம் பக்கம் வந்தவை. பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் ஓங்கி வெட்டியிருக்கிறார்கள். காசாகச் செல்லாமல் வெறும் பொன்னாக எடை போட்டுக்கொள்ளவா, வேறு காரணமா என்று இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறார்கள். ரோமப் பேரரசர் நீரோவின் கன்னத்தில் விழுந்த அந்த ஒரு வெட்டைக் காட்டி ஓர் ஆசிரியர் ஒரு மணி நேரம் பாடம் நடத்தலாம்.

அந்தக் காசுகளில் பல இன்று லண்டனில், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றை மீட்டு வாருங்கள் என்று இந்த மடலில் நான் கேட்கவில்லை. அது பெரிய பேச்சு. அச்சு அசலான பிரதிகளையாவது, அந்த வெட்டுத் தழும்போடு, செய்து வாங்கி வையுங்கள். அவர்களிடம் முறையாகக் கேட்டால் கிடைக்காமல் போகாது.

பிரதி என்று எழுதுங்கள், சரி. ஆனால் அதற்கு மேலே, எல்லாவற்றையும் விடப் பெரிய எழுத்தில் 'கருக்காக்குறிச்சி' என்று எழுதுங்கள். பேரரசரின் பெயர் அதற்குக் கீழே வரட்டும். அந்த அறையைத் திறக்கும் நாளில் முதல் வரிசையில் கருக்காக்குறிச்சிப் பிள்ளைகளை உட்கார வையுங்கள்.

அன்புடன்,
புதுக்கோட்டைக்காரன் ஒருவன்