72 மணி நேரமும் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவும்: கல்லூரி நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். போதை எதிர்ப்பு உறுதிமொழியை ஒரு நாளிலும் பால்வினை நோய் விழிப்புணர்வு உரையை வேறொரு நாளிலும் நடத்துகிறீர்கள். மாணவர்களுக்கோ போதையும் உடலுறவும் ஒரே இரவில் நேர்கின்றன. உறுதிமொழி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது தேவைப்படுபவர் பெரும்பாலும் அன்று வந்திருக்க மாட்டார், அவ்வளவுதான்.

மது கண்ணெதிரே இருப்பதைப் பெரிதாக்கி, நாளை வரப்போவதை மங்கச் செய்கிறது என்பதை ஸ்டீல், ஜோசப்ஸ் என்ற உளவியலாளர்கள் 1990இல் விரிவாக விளக்கினார்கள். ஆணுறையைப் பற்றி நன்றாக அறிந்த மாணவரும் போதையில் அதைத் தவிர்ப்பது அறியாமையால் அல்ல என்பதால், இன்னோர் உரை அவருக்குப் பெரிதாக உதவாது. அதிகமாகக் குடித்த ஒருவர் நடந்தும் பேசியும் கொண்டிருக்கும்போதே அவரது நினைவில் எதுவும் பதியாமல் போவதுண்டு. அந்நிலையில் அவர் மறுக்கவில்லை என்பது சம்மதம் ஆகாது என்பதையும் நீங்கள் ஐயத்திற்கு இடமின்றி அறிவிக்க வேண்டும்.

என் முதன்மையான கவலை மறுநாள் காலையைப் பற்றியது. எச்.ஐ.வி. தொற்று ஏற்பட்டிருக்கக்கூடும் என்றால், அதைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்திற்குள், இயன்றவரை விரைவாகத் தொடங்கி 28 நாட்கள் உட்கொள்ள வேண்டும். அவசர கருத்தடை மாத்திரையும் தாமதிக்கத் தாமதிக்கப் பலன் குறையும். ஆனால் கல்லூரி மருத்துவரிடம் போனால் “குடித்திருந்தாயா?” என்ற கேள்வி வரும், அதற்குச் சொல்லும் விடை ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கும், அங்கிருந்து வீட்டுக்கும் போகும் என்று அஞ்சும் மாணவர், அந்த மணி நேரங்களை அறைக்குள்ளேயே கழித்துவிடுகிறார். கிளமிடியா போன்ற பால்வினைத் தொற்றுகள் பலருக்கு அறிகுறியே காட்டாததால், பயம் தணிந்தபின் அவர் பரிசோதனைக்கும் போவதில்லை.

மருத்துவ உதவி நாடி வருபவர்மீது போதைக்காக நடவடிக்கை இல்லை என்பதை எழுத்தில் விதியாக்குங்கள். போதையைப் பற்றியும் பாதுகாப்பைப் பற்றியும் ஒரே அமர்வில், கண்டிக்கும் தொனியின்றிக் கேட்கும் பயிற்சியை ஆலோசகர்களுக்கு அளியுங்கள். அங்கு பேசப்படுவது அந்த அறையைத் தாண்டாது என்ற உறுதியை, வார இறுதியிலும் மருந்து கிடைக்கும் இடத்தின் தொலைபேசி எண்ணோடு சேர்த்து, விடுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மாணவர் நல ஆலோசகர்