அன்று நீ சொன்னதுதான் சரி

அன்புள்ள நண்பா,

நலம். வீட்டில் எல்லோரும் நலம்தானே? எட்டு மாதமாக உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. திட்டத்தான் போகிறாய், ஆனால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு. ஒட்டடைக்குச்சியைப் போன வாரம் பார்த்தேன். இன்னும் அதே நடை, உன்னை ரொம்ப விசாரித்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெரியவள் இப்போது பதினொன்றாம் வகுப்பு. எறிபொருள் இயக்கம் பாடம் நடக்கிறது. மேலே எறிந்த பொருள் ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் சமம் என்று படித்தவள், நேரே ஷட்டில் மட்டையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். இறகுப்பந்தை, அதாவது ஷட்டில் காக்கை, செங்குத்தாக மேலே அடித்தாள், தம்பியைப் போனில் படம் பிடிக்கச் சொன்னாள். நொடிக்கு 240 ஃபிரேம். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணினாள். மட்டையிலிருந்து உச்சிக்குப் போக 207. உச்சியிலிருந்து அதே மட்டை உயரத்துக்கு இறங்க 301.

"அப்பா, புத்தகம் தப்பா?" என்றாள். எனக்கு உன் முகம்தான் வந்தது.

அந்த வகுப்புத் தேர்வு உனக்கு மறந்திருக்காது. 'சமம் என நிறுவுக' என்ற கேள்விக்கு நீ ஒரே வரி எழுதினாய்: 'காற்று இருந்தால் சமமில்லை, இறங்கத்தான் அதிக நேரம்.' அதைச் சார் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டுப் பூஜ்யம் போட்டார். வகுப்பே சிரித்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவன் உன் பக்கத்தில் இருந்த நான். கேள்வியில் 'காற்றுத்தடையைப் புறக்கணிக்க' என்ற இரண்டு சொல் இல்லவே இல்லையேடா! அது அன்றைக்கு எங்கள் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

நீ சொன்னதற்கு நிரூபணம் எவ்வளவு எளிது தெரியுமா? பொருள் போகும் வழியெல்லாம் காற்று அதன் ஆற்றலைப் பிடுங்கிக்கொண்டே இருக்கிறது. அதனால் எந்த உயரத்தை எடுத்துக்கொண்டாலும், அங்கே ஏறும்போது இருந்த வேகத்தைவிட இறங்கும்போது வேகம் குறைவு. அதே தூரம், ஒவ்வோர் இடத்திலும் குறைந்த வேகம். அப்புறம் நேரம் கூடாமல் என்ன செய்யும்? ஒரு சமன்பாடுகூட வேண்டாம். இதை அவளுக்குச் சொல்லும்போது எனக்கே உடம்பு சிலிர்த்தது.

காக் ஐந்து கிராம்தான், அதில் 16 இறகு. அதன் முற்றுத்திசைவேகமே, அதாவது விழும்போது அதற்குமேல் கூடாத வேகமே, நொடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர். அதனால்தான் வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிறது. கனமான பந்துக்கு இதெல்லாம் பொருட்டில்லை என்றுதான் நினைத்திருந்தேன். அன்று இரவு தூக்கம் வராமல் கிரிக்கெட் பந்துக்குக் கணக்குப் போட்டேன். நொடிக்கு 40 மீட்டர் வேகத்தில் போகும்போது அதன்மேல் காற்று தரும் தடை பந்தின் எடையைவிடக் கொஞ்சம் அதிகமாகவே வருகிறது! 45 டிகிரியில் அடித்தால், காற்றைக் கணக்கில் எடுக்காத நம் பாடச் சூத்திரப்படி 163 மீட்டர் போகவேண்டும். நொடியை நூறு கூறாக்கிக் கணினியில் ஓட்டிப் பார்த்தேன், சுமார் 92 மீட்டரில் விழுந்துவிட்டது. பாதையும் ஏற்றமும் இறக்கமும் ஒரே மாதிரி வளையும் பரவளையம் இல்லை. சாய்வாக ஏறிப் போகிறது, பாதி தூரம் தாண்டிய பிறகே உச்சி, அப்புறம் ஏறியதைவிடச் செங்குத்தாக, கிட்டத்தட்ட 58 டிகிரியில் சரிகிறது. பவுண்டரியில் நிற்பவன் தலையை நிமிர்த்திக்கொண்டு பின்னால் ஓடுவானே, அவன் பார்ப்பது இந்தப் பாதையைத்தான்.

கலிலியோ 1638இல் பரவளையத்தை எழுதியபோதே காற்று அதைக் குலைக்கும் என்றும் சொல்லிவிட்டார். துப்பாக்கிக் குண்டு விஷயத்தில் அது எவ்வளவு பெரிது என்று அளந்து காட்டியவர் ஆங்கிலேயக் கணித அறிஞர் பெஞ்சமின் ராபின்ஸ், 1742இல். ஒரு ஊசலைத் தொங்கவிட்டு அதில் குண்டைச் சுட்டு, அது எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்து வேகத்தைக் கண்டுபிடித்தார். ஊசலைத் தள்ளித் தள்ளி வைத்தால் வழியில் காற்று தின்ற வேகம் தெரிந்துவிடும். எத்தனை அழகான வேலை!

ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல். அடுத்த வருஷம் நீ கணக்குப் பிரிவை விட்டுப் போனாயே, அந்தச் சிரிப்பினாலா? இத்தனை வருஷம் கேட்கத் தைரியம் வரவில்லை. காரணம் அதுவாக இருந்தால் என்னை மன்னித்துவிடு. அது இல்லையென்றாலும் மன்னித்துவிடு.

உன் கதையைப் பெரியவளிடம் முழுசாகச் சொன்னேன், என் சிரிப்பையும் சேர்த்து. அவள் என்னோடு ஒரு மணி நேரம் பேசவில்லை. இப்போது உன்னிடம் ஒரு கேள்வி அனுப்பச் சொல்கிறாள்: காற்று இருக்கும்போது பந்து அதிக தூரம் போக 45 டிகிரியில் அடிக்கவேண்டுமா, அதற்கு மேலா, கீழா? விடை என்னிடம் இருக்கிறது. ஆனால் மாமா சொல்லட்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். பதிலை அவள் பெயருக்கே எழுது.

அன்புடன்,
உன் பக்கத்து பெஞ்ச்