ஓவியத்தில் டாக்டர் பட்டமா என்று கேட்டவருக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் கோயிலில் ஒருவர் என் பேத்தியிடம், "படம் வரையறதுக்கு ஒரு டாக்டர் பட்டமாம்மா?" என்று கேட்டார். அவள் பேசாமல் நின்றாள். எனக்கு மனசு ஆறவில்லை.

அவள் ஆராய்வது இயற்கைக் காட்சி ஓவியம். மரத்தையும் மலையையும் கைப்பேசித் திரையிலேயே பார்த்துப் பழகிய பிறகு நம் பார்வை எப்படி மாறுகிறது என்பதே அவள் கேள்வி. நான் 28 வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய தோட்டம் இப்போது பெரும்பாலும் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை. மிச்சமிருக்கும் பால்மரக் காட்டுக்கு ஒருநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு என்னைக் கூட்டிப் போனாள். கைப்பேசியில் படம் எடுத்துக் காட்டினாள். பட்டை, கோப்பை, தரையில் கிடந்த சருகு எல்லாம் பளிச்சென்று இருந்தன. "இப்படி நாங்க பார்த்ததே இல்லம்மா" என்றேன். நெற்றி விளக்கு விழுந்த இடத்தில் வெட்டுக்கோடு தெரியும், அவ்வளவுதான். அடுத்த மரம் எங்கே என்பது காலுக்குத்தான் தெரியும். பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்த்து, கைப்பேசியே இருட்டை எடுத்துவிடுகிறதாம். வீட்டுக்கு வந்து கரியால் தாள் முழுவதும் கறுப்பாக்கி, நடுவில் ஒரு சாண் மட்டும் வெளிச்சம் விட்டு வரைந்தாள். அதைப் பார்த்ததும் இடுப்பில் கட்டிய கொசுவத்திப் புகை மூக்கில் ஏறியது போல் இருந்தது.

இது புதுப்பழக்கம் இல்லை என்றும் சொன்னாள். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் காட்சி பார்க்கப் போனவர்கள், காட்சிக்கு முதுகைக் காட்டி நின்று, கையிலிருந்த சிறு கறுப்புக் கண்ணாடியில் அதைப் பார்த்தார்களாம். அதில் எல்லாம் ஓவியம் போலத் தெரியும். கிளாட் லொரெய்ன் என்ற ஓவியர் பெயரால் அதைக் கிளாட் கண்ணாடி என்றார்கள். மலைக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுக்கும் நம் பிள்ளைகள்தான் எனக்கு நினைவுக்கு வந்தார்கள்.

அதற்காக அவள் திரையைக் குறை சொல்லவில்லை. இங்கிலாந்து ஓவியர் டேவிட் ஹாக்னி 2011இல் யார்க்‌ஷயரில் ஒரே சாலைக்குத் திரும்பத் திரும்பப் போய், வசந்தம் வருவதை ஐபேடில் வரைந்தார். ஒரே இடத்துக்குத் தினமும் போனால் என்ன தெரியும் என்பது பால் வெட்டியவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

தோட்டத்தில் விடியற்காலை பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு நின்ற தலைமுறை குறைந்துகொண்டே வருகிறது. இப்படிப் படிக்கும் பிள்ளை உங்கள் ஊரில் இருந்தால் தயவுசெய்து பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். பிப்ரவரியில் இலை சிவந்து உதிரும்போது நாங்கள் மறுபடி அந்தக் காட்டுக்குப் போகிறோம். கோயிலில் கேட்டவரும் வரட்டும், வெட்டுக்கத்தி பிடித்த கைதான் அவருடையதும்.

இப்படிக்கு,
முன்னாள் பால்மரத் தொழிலாளி,
சுங்கை சிப்புட், பேராக்.